நீ எழுதிய கட்டுரை, நான் சொன்ன பதில்

அன்புள்ள உனக்கு,

இன்று காலை போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். ஓய்வூதியத்துக்காக வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழுக்கு இரண்டு நகல் வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண்ணின் தாள் ஒன்று விசிறிக் காற்றில் நழுவி என் காலடியில் விழுந்தது. இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்ததால் இன்னும் சூடாக இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது கண் பட்டுவிட்டது. இடைக்கால இந்திய வரலாறு, கருத்தரங்கு வகுப்பு. இரண்டு கட்டுரைகள். வாரம் ஒரு பக்கக் குறிப்பு. வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்குத் தனி மதிப்பெண்.

"ஆன்ட்டி, என் பேப்பர்" என்று அவள் கையை நீட்டினாள். கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளே மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டாள். என் நகலை எடுக்காமலே கராச்சர்மா பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்தவள் இன்னும் புடவைகூட மாற்றவில்லை.

நீ போய் மூன்று மாதமாகிறது. இதை நீ படிக்கப் போவதில்லை. படிக்க நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஒவ்வொரு வருடமும் எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே கிழித்துப் போட்டேன். இனி கிழிப்பதற்கும் அர்த்தமில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தமானுக்குக் கல்லூரி வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. கட்டடம் பாதி மரம், பாதி தகரம். மெயின்லேண்டில் இருந்த பல்கலைக்கழகம் அனுப்பும் பாடத்திட்டம், கேள்வித்தாள், புத்தகம் எல்லாமே கப்பலில் வரவேண்டும். மூன்றாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் நாம் எட்டுப் பேர். வங்காளிகள் நான்கு பேர், மலையாளி ஒருவன், தெலுங்குப் பையன் ஒருவன், தமிழ் பேசும் பெண்கள் என்று நீயும் நானும். நீ ஜங்கிலிகாட் கடற்கரைக்காரி. உன் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகோடு பிழைக்க வந்தவர். என் அப்பா மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க எழுத்தர்.

அந்த வருடம்தான் கல்கத்தாவிலிருந்து புதிதாக ஒரு சார் வந்தார். இடைக்கால வரலாற்றை அவர் பாடமாக நடத்தவில்லை, கருத்தரங்காக நடத்தினார். முதல் நாளே விதிகளை உருட்டச்சில் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பத்து அமர்வுகள். ஆளுக்கு இரண்டு கட்டுரை, வாரம் ஒரு குறிப்பு, எல்லாம் ஆங்கிலத்தில். பேச்சு மட்டும் ஆங்கிலத்திலும் இருக்கலாம், இந்தியிலும் இருக்கலாம். பத்தில் ஆறு அமர்விலாவது பேசியிருக்க வேண்டும். பேசாதவர் தேர்வு எழுத முடியாது. காப்பியடித்தவரும் அப்படியே.

நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார். மடியில் ஒரு சின்ன நோட்டு. யாராவது பொருட்படுத்தும்படி ஏதாவது சொன்னால் அவர் பேனா நோட்டில் ஒரு புள்ளி வைக்கும். எட்டுப் பேரின் கண்ணும் அந்தப் பேனாவின் மேல்தான். யாராவது தயங்கினால் "போலோ, போலோ" என்பார். பேசு, பேசு என்று. அதட்டலாகச் சொல்ல மாட்டார். நல்ல மனுஷன்தான். அதை நினைத்தால்தான் இன்னும் மனம் கசக்கிறது.

உனக்கு வாய் திக்கும். தமிழிலும் திக்கும், இந்தியிலும் திக்கும். மாதா கோயிலில் பாடும்போது மட்டும் ஒரு சொல்கூடத் தடுக்காது. அந்த விதித்தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றாய்.

"ஆ... ஆறு தடவையாம்ட்டி. என்னால ஒ... ஒரு தடவை முடியாது."

"நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. எனக்குப் பேச்சு வரும். கராச்சர்மாவில் வங்காளி, பஞ்சாபி, மலையாளி எல்லார் வீட்டுப் பிள்ளைகளோடும் வளர்ந்தவள், இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகராது. நீ கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். உன் ஆங்கிலம் தெளிந்த நீர் மாதிரி இருக்கும். என் வாரக் குறிப்புகளை நீ எழுதித் தந்தாய். வட்டத்தில் உட்கார்ந்து உன் யோசனைகளை நான் பேசினேன். "சார், இது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சது" என்று சேர்த்துக்கொள்வேன். முதல் இரண்டு முறை உனக்கும் அவர் புள்ளி வைத்தார். மூன்றாவது முறை, "அவளே சொல்லட்டும்" என்றார். நீ இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. முடித்தாய். அவர் புள்ளி வைத்தார். வெளியே வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாய்.

எட்டாவது அமர்வு முடிந்தபோது உனக்கு ஐந்து புள்ளி இருந்தது. இன்னும் ஒன்று போதும்.

அந்த ஒன்றில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அண்ணன் சொல்லியிருந்தான், இந்த வருடம் பட்டம் வாங்கினால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் வடக்கே மாயாபந்தரில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று. உன் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, "பாஸ் பண்ணிரு தாயி" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது உனக்குத் திக்கவில்லை.

பெரிய கட்டுரையை நீ அவ்வளவு ஆசையாக எழுதினாய். சோழ நாட்டில் பஞ்ச காலத்தில் பிள்ளைகுட்டியோடு தங்களைக் கோயிலுக்கே விற்றுக்கொண்டவர்களைப் பற்றி. கல்வெட்டுத் தொகுதி நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதையும் பாதி செல் அரித்திருந்தது. பேர்களைப் படித்துவிட்டு நீ சொன்னாய்: "பே... பேரெல்லாம் வெட்டி வச்சிருக்கான்ட்டி. வித்தவங்க அன்னைக்கு என்ன பேசுனாங்கன்னு ஒரு எழுத்து கிடையாது."

உன் அப்பாவும் அம்மாவும் ஒரு வறட்சி வருடத்தில்தான் கப்பலேறினார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

என் கட்டுரை கிராமசபைகளைப் பற்றியது. அதையும் நீதான் எழுதினாய். நான் கேட்டேன், நீ எழுதினாய், அவ்வளவுதான். வீட்டில் வேலை, உடம்பு சரியில்லை என்று ஏதோ காரணம் சொல்லியிருப்பேன். உண்மையான காரணம், நீ எழுதினால் நன்றாக இருக்கும் என்பதுதான்.

ஒன்பதாவது அமர்வுக்கு முந்தின நாள் பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தாய். செல் அரித்த பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் பாதி போய்விட்டது. அடுத்த கல்வெட்டில் வரும் வாய்க்கால் பெயரையும் எல்லைகளையும் வைத்து அது எந்த ஊராக இருக்க வேண்டும் என்று நீ கண்டுபிடித்திருந்தாய். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அந்த ஊர் உன் கட்டுரையிலும் வந்தது, எனக்கு நீ எழுதியதிலும் வந்தது.

"ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா சார் கேப்பாருடி."

"கே... கேக்கட்டும். நான் கண்டுபிடிச்சதுலா. எடுக்க மனசு வ... வரல." பிறகு, "கேட்டா நான் சொல்லுதேன். அது ஆறாவது புள்ளி" என்றாய். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாய். ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாய்.

மறுநாள் பிற்பகல் மழை. தகரக் கூரையில் அடித்த மழையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நாற்காலிகளை இன்னும் நெருக்கிப் போடச் சொன்னார். நம் இரண்டு கட்டுரைகளும் அவர் மடியில் இருந்தன.

"புத்தகத்தில் இந்த இடத்தில் ஓட்டை. நீங்கள் இருவரும் ஒரே பெயரால் ஓட்டையை அடைத்திருக்கிறீர்கள். ஒரே வாக்கியத்தால். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு உன்னைப் பார்த்து, "இந்த ஊர் என்று எப்படி முடிவு செய்தாய்?" என்றார்.

நீ எழுந்து நின்றாய். எழ வேண்டியதில்லை, ஆனாலும் எழுந்தாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை புடவையை முறுக்கிக்கொண்டிருந்தது. "போலோ" என்றார் அவர், மெதுவாக. காத்திருந்தார். மழை இன்னும் பலத்தது. வங்காளிப் பையன்களில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அவரும் என்னைப் பார்த்தார். "நீ சொல்."

நான் சொன்னேன்.

வாய்க்கால் பெயரைச் சொன்னேன். எல்லைகளைச் சொன்னேன். அடுத்த கல்வெட்டோடு எப்படிப் பொருந்துகிறது என்று சொன்னேன். நீ பஸ்ஸில் சொன்ன வரிசையிலேயே, ஒன்று விடாமல், தடுமாறாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தலை அசைந்தது. இதை நீ கண்டுபிடித்தாய் என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. முடித்தபோது அவர், "அற்புதம்" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு என் வாய் திறக்கவில்லை.

அவர் உன் கட்டுரையின் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

நீ அப்போதும் நின்றுகொண்டிருந்தாய். உன் வாய் அந்த முதல் எழுத்தில்தான் இருந்தது.

மறுநாள் கராச்சர்மாவுக்கு வந்தாய். நீ எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நனைந்திருந்தாய். கையில் ஒரு கடிதம், சாருக்கு. நீயே எழுதியது. அதில் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. குறிப்புகளை இருவரும் சேர்ந்து எடுத்தோம், ஊரைக் கண்டுபிடித்தது இருவரும், ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதவில்லை என்று எழுதியிருந்தாய். உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாய்.

"கையெழுத்து மட்டும் போ... போடுட்டி. சார் வெள்ளிக்கிழமை கப்பல்ல போறாராம். பத்தாவது வகுப்பு கி... கிடையாதாம். மார்க் லிஸ்டு அவரு கையிலதான்."

முன்னறையில் அப்பா வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் கல்லூரியில் பேசினால் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர்.

"அப்பா இருக்காருடி. நாளைக்கு நானே ஜங்கிலிகாட் வரேன்."

"நா... நாளைக்கு?"

"கண்டிப்பா."

கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நீ பஸ் நிறுத்தத்தில் நிற்பதாக என் தம்பி வந்து சொன்னான். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் படுத்திருந்தேன். கடிதம் தலையணைக்கடியில் இருந்தது. பேனாவும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டால் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டால் என் கட்டுரையும் என்னுடையது இல்லை என்று தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஹாடோ துறைமுகத்துக்கு ஓடினேன். ஆமாம், போனேன். இது உனக்குத் தெரியாது. மெயின்லேண்ட் கப்பல் நாள், கூட்டம் நெரிந்தது. பெட்டிகளையும் கோழிக்கூடைகளையும் தாண்டி அவரைக் கண்டுபிடித்தேன். ஏணிப்படிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்தக் கட்டுரை அவள் என்னைப் பார்த்து எழுதியது இல்லை."

"அப்படியா. நீ அவளைப் பார்த்து எழுதினாயா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான், சார்."

அவர் தோள்பையை இறக்கி வைத்தார். "சேர்ந்து எழுதக்கூடாது என்பது விதி. அப்படியானால் இரண்டு பேருக்குமே தேர்வு கிடையாது. நோட்டு பையில்தான் இருக்கிறது. எழுதிவிடட்டுமா?" கோபமில்லாமல்தான் கேட்டார். நான் என்ன சொன்னாலும் கேட்டிருப்பார். நீதான் இரண்டையும் எழுதினாய் என்று ஒரே வரி. இந்தியில் சொன்னால் ஏழெட்டுச் சொல். எனக்கு அப்போது முதல் எழுத்தே வரவில்லை.

"ஜல்தி கரோ, பாய்சாப்" என்று அவசரப்படுத்திப் பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டார். "தோழிக்காகப் பேச வந்தாய். நல்ல பெண்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். கப்பல் கிளம்பும் வரை அங்கேயே நின்றேன். என் பையில் உன் கடிதம் மடித்தபடி இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், எங்கே என்று நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நான் தேறினேன். அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. நீ போக வேண்டிய வேலை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வருடம் நம் வகுப்பிலிருந்து போன பெண் நான் ஒருத்திதான். முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தினேன். பிள்ளைகள், "மிஸ், நீங்க பேசினா கேட்டுட்டே இருக்கலாம்" என்பார்கள். அந்தக் கல்வெட்டுப் பாடம் வரும்போது அந்த ஊரின் பெயரை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவேன். அதை ஒரு பிராயச்சித்தம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மாயாபந்தருக்குப் போனாய். உன் கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை.

பதினெட்டு வருடம் கழித்து அபர்டீன் பஜாரில் உன்னைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சீருடைத் துணி வாங்க வந்திருந்தாய், பக்கத்தில் உன் மகள். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். நீ அதற்குள் பார்த்துவிட்டாய்.

"நல்லா இ... இருக்கியாட்டி?"

உன் வீட்டுக்காரர், கருவாடு, மகளின் படிப்பு, மாயாபந்தர் மழை என்று பத்து நிமிடம் பேசினாய். திக்கித் திக்கி, அவசரமே இல்லாமல். நான் உன் கையைப் பிடித்தேன். "அன்னைக்கு வெள்ளிக்கிழமை..." என்று தொடங்கினேன்.

நீ கையை விடுவித்துக்கொண்டாய். "வே... வேண்டாம்" என்றாய். முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். மகளைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குள் போய்விட்டாய். நீ மன்னித்துவிட்டாய் என்று சில வருடம் நினைத்தேன். கேட்கவே பிடிக்கவில்லை என்று சில வருடம் நினைத்தேன். இன்றைக்கும் தெரியவில்லை.

நீ போன செய்தி அன்றே வந்தது. அடக்கத்துக்கு வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன், பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து. பூசை முடிந்து உன் வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள். உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் கண்கள் அப்படியே. அவள் இப்போது ஒரு பள்ளியில் டீச்சர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி. காலேஜ்ல உங்களை மாதிரி பேச ஆளே கிடையாதுன்னு."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல. ஏன் பரீட்சை எழுதலன்னு நாங்க கேட்டா, வாய் வரலன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரை, மழை, பஸ் நிறுத்தம், கடிதம், கப்பல். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். என் குரல் எங்கேயும் தடுமாறவில்லை. தடுமாறியிருக்கலாம். எதிர்ச் சுவரில் உன் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க அம்மாவுக்குப் படிப்பு வரலன்னு நினைச்சிட்டு இருந்தோம் ஆன்ட்டி" என்றாள். "தம்பி கேலிகூடப் பண்ணுவான்."

பிறகு, "இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள். அவளும் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மூணு மாசம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்களே. போர்ட் பிளேர்லதான இருந்தாங்க. உங்க வீட்டுக்குப் பக்கம்தான."

எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியாது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். இரண்டாவது வாரமே யாரோ சொன்னார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல் வரை பஸ்ஸில் வந்தேன். இறங்கவில்லை.

அவளிடம் அதை இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். அவளுடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது.